அவகாடோ இன்றைக்கா, நாளைக்கா?

மெக்சிகோ சிட்டிக்கு வந்து மூன்றாவது வாரம். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வியாழக்கிழமைதோறும் கூடும் சந்தையில் அவகாடோ வாங்க நின்றேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். "உன் கீலோ தே அகுவகாத்தே, போர் ஃபவோர்." ஒரு கிலோ அவகாடோ, தயவுசெய்து. சரியாகவே சொன்னேன். கடைக்காரர் ஒரு பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "பாரா ஓய் ஓ பாரா மஞானா?"

எங்கள் நாகர்கோவில் பக்கம் "ஓய்" என்றால் ஆண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் சொல். "என்ன ஓய், சாப்பிட்டாச்சா?" என்பார்கள். அந்தச் சந்தை நடுவில் என் காதில் விழுந்தது அந்த ஓய்தான். வேறு எதுவும் விளங்கவில்லை. அவர் பொறுமையாக ஒரு பழத்தை லேசாக அமுக்கிக் காட்டி, வாயில் போடுவது போலச் சைகை செய்து, "ஓய்" என்றார். இன்னொன்றை எடுத்தார், அது கல் மாதிரி இருந்தது. அதைத் தூரத் தள்ளி வைத்து, "மஞானா" என்றார். இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா? அவகாடோ பழுக்கும் நேரம் அப்படி. ஒரு நாள் முந்தினால் காய், ஒரு நாள் பிந்தினால் கருப்பு. வீட்டில் எப்போது இலை போடப் போகிறீர்கள் என்று கேட்டுத் தேர்ந்து கொடுப்பது இங்கே எல்லா அவகாடோக் கடையிலும் உள்ள வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பாதி ஓய், பாதி மஞானா என்று வாங்கி வந்தேன். இந்த இரண்டு சொற்களும் அதன் பிறகு எனக்கு மறக்கவே இல்லை.

கிளம்புவதற்கு முன் சென்னையில் ஐந்து மாதம் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போனேன். விமான நிலையத்தில் எப்படிப் பேசுவது, ஹோட்டலில் அறை எப்படிக் கேட்பது, என் பென்சில் மேசை மேல் இருக்கிறது. எல்லாம் ஆங்கிலம் வழியாக. 2021 ஆகஸ்டில் இங்கே வந்து இறங்கிய பிறகு பென்சில் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், காரம் போடவா, இன்னும் கொஞ்சம் வைக்கவா, இதைத்தான் கேட்டார்கள். இன்றைக்கு நான் பேசும் ஸ்பானிஷில் முக்கால் பங்கு நர்வார்த்தே பகுதியின் சந்தையிலும் சாப்பாட்டுக் கடையிலும் தெருமுனையிலும் கற்றுக்கொண்டது. சொல்லிக் கொடுத்தவர்களில் ஒருவரும் ஆசிரியர் இல்லை.

முதல் பள்ளிக்கூடம் ஃபோந்தா. நம் ஊர் மெஸ் மாதிரி சின்னக் கடை. மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை "கொமீதா கொர்ரீதா" என்று அளவுச் சாப்பாடு போடுவார்கள். முதலில் ஒரு சூப், அடுத்து சோறு அல்லது பாஸ்தா, அதன்பின் ஒரு குழம்போ வறுவலோ, கூடவே பீன்ஸ், சூடான தொர்த்தீயா, குடிக்க அன்றைய பழரசத் தண்ணீர். அலுவலகத்துக்குப் பின்னால் நான் போகும் கடையில் அப்போது 95 பேசோ. இரண்டாவதாக வரும் சோற்றுக்கு இங்கே என்ன பெயர் தெரியுமா? "சோப்பா செக்கா." அதாவது உலர்ந்த சூப். சூப்பைப் போலவே தண்ணீரும் சாறும் விட்டுத் தொடங்கி, வற்றும் வரை வேகவைப்பதால் அந்தப் பெயர். பலகையில் அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் அந்த உலர்ந்த சூப் எப்போது வரும் என்று காத்திருந்தேன். தட்டில் தினமும் வந்துகொண்டிருந்த தக்காளிச் சோறுதான் அது.

நான் சைவம். முட்டை உண்டு, மற்றது கிடையாது. மெக்சிகோவில் சைவமாக இருப்பதைப் போல ஸ்பானிஷை வேகமாகக் கற்றுத்தரும் வேறு எதுவும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். "சின் கார்னே", இறைச்சி இல்லாமல், என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை நம்பிக் கேட்டேன். "இல்லவே இல்லை" என்று அந்த அம்மா சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் கோழி இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. இங்கே பேச்சு வழக்கில் கார்னே என்றால் மாடும் பன்றியும்தான். கோழி கோழி, மீன் மீன், ஹாம் ஹாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்லக் கற்றுக்கொண்டேன். அப்போதும் முடியவில்லை. சோற்றை வேகவைப்பது கோழிச் சாற்றில். பீன்ஸைத் தாளிப்பது மந்தேக்காவில், அதாவது பன்றிக் கொழுப்பில். கண்ணுக்குத் தெரியாத கோழிக்கும் பன்றிக்கும் எந்தச் சொல்லால் வேலி போடுவது?

அந்தச் சொல்லைக் கொடுத்தது பக்கத்து மேசையில் இருந்த ஒரு பாட்டி. நான் திணறுவதைப் பார்த்துவிட்டு, "கே யேவா? என்று கேளு" என்றார். யேவார் என்றால் எடுத்துச் செல்லுதல், சுமத்தல். கே யேவா என்றால் "இது என்ன சுமக்கிறது?" என்று வரும். நாம் "இதில் என்னவெல்லாம் போட்டிருக்கு?" என்று கேட்போமே, அது. "எல் அரோஸ் யேவா கால்தோ தே போயோ?" சோற்றில் கோழிச் சாறு உண்டா? இப்படிக் கேட்டால் அடுக்களை வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உண்மையைச் சொல்வார்கள். ஒரு சொல் கிடைத்தால் அதன் உறவுக்காரர்கள் எல்லாம் வருவார்கள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். காய்கறிக்காரர் "கே வா யேவார்?" என்று கேட்பது என்ன வாங்குகிறீர்கள் என்று. "பாரா யேவார்" என்றால் பார்சல். ஒரே வினைச்சொல் தட்டிலும் பையிலும் கடையிலும் வந்து நிற்கிறது. அகராதியில் இதே சொல்லுக்கு இருபது பொருள் போட்டிருந்தது, ஒன்றும் மனதில் தங்கவில்லை. பசி நேரத்தில் அந்தப் பாட்டி சொன்ன ஒன்று தங்கிவிட்டது.

தவக்காலம் வந்தபோது எனக்குத் திருவிழா. ஈஸ்டருக்கு முந்தைய ஆறு வாரங்களில் வெள்ளிக்கிழமைதோறும் கத்தோலிக்கர்கள் இறைச்சி தொட மாட்டார்கள். ஃபோந்தா பலகைகளில் "பிஹீலியா" என்ற சொல் ஏறிவிடும், நோன்புச் சமையல் என்று பொருள். உருளைக்கிழங்கு வடை, பாலாடைக்கட்டி அடைத்த பெரிய மிளகாய், பருப்பு சூப், கடைசியில் ரொட்டியை வெல்லப்பாகில் ஊறவைத்துச் செய்யும் கப்பிரோத்தாதா. மீனும் இறாலும் அதில் உண்டு, அதனால் கே யேவா கேள்வியை விட்டுவிட முடியாது. ரொமெரித்தோஸ் என்ற கீரைக் குழம்பில் உலர்ந்த இறாலைப் பொடித்து வடையாகச் செய்து மிதக்க விடுவார்கள். ஆனாலும் "ஆல்கோ தே பிஹீலியா?" என்று கேட்டால் வருடம் முழுவதும் எந்தக் கடைக்காரருக்கும் நான் என்ன சாப்பிடுவேன் என்று சட்டென்று பிடிபடுகிறது. "வெஜிட்டேரியன்" என்ற சொல் செய்யாத வேலையை அவர்கள் பாட்டி காலத்துச் சொல் செய்துவிடுகிறது.

அந்தக் கடையில்தான் இன்னொன்றும் நடந்தது. எனக்கு ஸ்பானிஷ் திறந்துகொண்ட இடம் அது என்று நினைக்கிறேன்.

வகுப்பில் எங்களை மிகவும் படுத்திய பாடம் "மே குஸ்தா". எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல ஸ்பானிஷில் "நான்" வராது. ஆங்கிலம் வழியாகப் போனால் தலைகீழாக நிற்க வேண்டும். நான் மாம்பழத்தை விரும்புகிறேன் என்பதை, மாம்பழம் என்னை மகிழ்விக்கிறது என்று திருப்பி, அப்புறம் வினையை மாம்பழத்துக்குப் பொருத்தி, ஒன்றா பலவா என்று பார்த்து. மூன்று மாதம் இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டுத்தான் பேசினேன். ஒரு நாள் நோப்பால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சப்பாத்திக்கள்ளியின் முள் நீக்கிய மடல்தான் நோப்பால், வெண்டைக்காய் போலக் கொழகொழவென்று இருக்கும், எனக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போனது. பரிமாறுகிறவர் "லே குஸ்தா?" என்று கேட்டார். என் மனதில் எந்தக் கணக்கும் ஓடவில்லை. "பிடிச்சிருக்கா?" என்றுதான் கேட்டது. "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று தமிழில் நினைத்து, "மே குஸ்தா" என்று வாயால் சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். எனக்கு, பிடிக்கும். மே, குஸ்தா. சொல்லுக்குச் சொல் அப்படியே பொருந்துகிறதே! தலைகீழாக நிற்க வேண்டியது ஆங்கிலம்தான். தமிழுக்கு அது சாதாரண நிலை.

அன்றிரவு தூங்காமல் தேடித் தேடிப் பார்த்தேன். மே துவேலே லா பான்சா, எனக்கு வயிறு வலிக்கிறது. மே ஃபால்தா சால், எனக்கு உப்பு போதவில்லை. எல்லாவற்றிலும் இந்த "எனக்கு". சமையல் பேச்சில் இது எத்தனை தரம் வரும் என்று எண்ணிப் பாருங்கள். இதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது இன்னொன்று. ஒரு தோழி வீட்டில் தண்ணீர்க் கோப்பையைத் தவறவிட்டேன். உடைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க "நான் கோப்பையைப் போட்டு உடைத்தேன்" என்கிற பொருளில் ஏதோ சொன்னேன். தோழியின் அம்மா பதறிப்போனார், ஏதோ கோபத்தில் வீசி எறிந்தது போல அவருக்குக் கேட்டிருக்கிறது. "சே மே காயோ என்று சொல்லணும்" என்று தோழி திருத்தினாள். எனக்கு அது விழுந்துவிட்டது. கைதவறி விழுந்தது என்று நாம் சொல்வோமே, அதே மனசு. சோறு அடிபிடித்தால் "சே மே கெமோ எல் அரோஸ்". சோற்றை நான் கருக்கவில்லை, அது கருகிப்போயிற்று, நான் பக்கத்தில் இருந்தேன். என் அம்மா ஆயுள் முழுக்க இப்படித்தான் பேசியிருக்கிறார். பால் பொங்கிப் போச்சு. தோசை ஒட்டிக்கிடுச்சு.

நீ, நீங்கள் வேறுபாடும் அப்படித்தான். தூ என்றால் நீ, உஸ்தேத் என்றால் நீங்கள். ஆங்கிலத்தில் படித்த நண்பர்கள் எங்கே எதைச் சொல்வது என்று இன்னும் அஞ்சுகிறார்கள். எனக்கு அதில் ஒரு நாள்கூடத் தடுமாற்றம் வந்ததில்லை. காய்கறிக் கடைப் பெரியவரை நீங்கள் என்பேன், கூட வேலை செய்யும் பையனை நீ என்பேன். ஊரில் யாரிடம் எப்படிப் பேசுவேனோ அதேபோலத்தான். சரியாகக் காதில் விழாவிட்டால் "கே?" என்று கேட்கக் கூடாது, இங்கே அது முரடு. "மாந்தே?" என்று கேட்க வேண்டும். "என்ன?" என்பதற்கும் "என்னங்க?" என்பதற்கும் உள்ள தூரம்.

ஒலியைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. ஸ்பானிஷில் இரண்டு ரகரம் உண்டு. காரோ என்று மென்மையாகச் சொன்னால் விலை அதிகம். கார்றோ என்று நாக்கை உருட்டினால் கார். சென்னைக்காரர்கள் பலருக்கும் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் இந்த உருட்டு எளிதில் வராது, கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்வார்கள். குமரி மாவட்டத்தில் பிறந்ததற்கு நான் நன்றி சொன்ன நாள் அது. அரமும் அறமும், இரங்குவதும் இறங்குவதும் எங்கள் பாட்டி வாயில் வேறுவேறாகத்தான் ஒலித்தன. அந்த றகரத்தை எடுத்து அப்படியே வைத்தேன், பொருந்திவிட்டது. ஞகரமும் அப்படி. மஞானாவில் வரும் ஞ, அன்னாசியைக் குறிக்கும் பீஞாவில் வரும் ஞ, எல்லாம் ஞாயிறின் ஞதான். பகல் என்பதில் க மெலிவதும் அது என்பதில் த மெலிவதும்கூட அங்கே உண்டு, அகுவா என்றால் நடுவில் வருவது பகலின் க. தமிழ் எழுத்தில் குறிப்பு எடுக்கத் தொடங்கிய பிறகு என் உச்சரிப்பை யாரும் திருத்தவில்லை.

சரி, சந்தைக்கு வருவோம். தெருவில் நீலமும் ரோஸ் நிறமுமாகப் படுதா கட்டி, ஒரு நாள் மட்டும் கூடிக் கலையும் இந்தச் சந்தைக்குத் தியாங்கிஸ் என்று பெயர். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே இருந்த நாவாத்ல் மொழிச் சொல். சாக்லேட், அவகாடோ, மிளகாயைக் குறிக்கும் சீலே, எல்லாம் அந்த மொழியிலிருந்து வந்தவை. தக்காளிக்கு இவர்கள் சொல்லும் பெயரும் அப்படியே, ஆனால் இந்த ஊரில் ஒரு எச்சரிக்கை. சிவப்புத் தக்காளி வேண்டுமென்றால் "ஹிதொமாத்தே" என்று கேட்க வேண்டும். வெறும் "தொமாத்தே" என்றால் பச்சையாக, சருகு போன்ற உறைக்குள் இருக்கும் புளிப்புக் காயைக் கொடுத்துவிடுவார்கள். நான் ரசம் வைக்க அதை வாங்கி வந்து, ரசமும் நன்றாகவே வந்தது.

"பாசெலே, பாசெலே" என்று கூப்பிடுவார்கள், வாங்க வாங்க. "கே லே தோய், குவெரித்தா?" உங்களுக்கு என்ன தரட்டும், வெள்ளைக்காரப் பொண்ணே? நான் நல்ல கருப்பு. முதல் தரம் யாரை அழைக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். சந்தையில் எல்லாப் பெண்களும் குவெரித்தாதான், அது மரியாதைக்கான அழைப்பாகிவிட்டது என்றார்கள். நிறத்தை வைத்து மரியாதை செய்யும் வழக்கம் எங்கிருந்து வந்ததென்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அந்தச் சொல் எனக்கு இன்னும் முழுதாக ஒட்டவில்லை. ஆனால் "மர்ச்சாந்தா" மிகவும் பிடிக்கும். வாடிக்கைக்காரரும் கடைக்காரரும் ஒருவரை ஒருவர் அழைக்கும் ஒரே சொல். விற்கிறவரும் மர்ச்சாந்தா, வாங்குகிறவரும் மர்ச்சாந்தா.

கொசுறுக்கும் சொல் இருக்கிறது. பிலோன். இரண்டு கிலோ வாங்கிவிட்டு, "இ மி பிலோன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் ஒரு பிடி கொத்தமல்லியோ இரண்டு எலுமிச்சையோ பையில் விழும். முன்பு மளிகைக் கடைகளில் ஒரு துண்டு வெல்லத்தைச் சும்மா கொடுத்ததிலிருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள். கூம்பு வடிவ வெல்லத்துக்குப் பிலோன்சீயோ என்றே பெயர், சின்னப் பிலோன். எங்கள் ஊர்க் கருப்பட்டியை நினைத்துக்கொண்டு அதைக் காப்பியில் போட்டுக் குடிக்கிறேன். இங்கே மண்பானைக் காப்பியில் அவர்களே அதையும் பட்டையையும் சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள்.

கீரைக்கட்டுகளுக்கு நடுவில் ஒரு நாள் பருப்புக்கீரையைப் பார்த்தேன். சதைப்பற்றான குட்டி இலை, சிவந்த தண்டு. தொட்டுப் பார்த்து, கிள்ளிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். வெர்தொலாகாஸ் என்றார் விற்ற அம்மா. "இதை எப்படிச் சமைப்பீர்கள்?" என்று நான் கேட்க, பச்சைத் தக்காளிக் குழம்பில் பன்றி இறைச்சியோடு என்று அவர் சொல்ல, நாங்கள் பருப்போடு கடைவோம் என்று நான் சொல்ல, பின்னால் நின்றவர்கள் பொறுமை இழக்கும் வரை பேசினோம். கடைவது என்பதற்குச் சொல் தெரியாமல் கையால் மத்தைச் சுற்றிக் காட்டினேன். "மோலினீயோ!" என்றார். சாக்லேட் பானத்தை நுரைக்க வைக்கும் மரமத்துக்கு அந்தப் பெயர், உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுவார்கள். அம்மிக்கு மெதாத்தே. தோசைக்கல்லுக்குக் கொமால். மூன்று கால் வைத்த சின்னக் கல்லுரலுக்கு மோல்கஹேத்தே. பெயர் மட்டும்தான் கற்க வேண்டியிருந்தது, பொருள்களோடு எனக்கு ஏற்கெனவே பழக்கம்.

சில பெயர்களையும் கற்க வேண்டியிருக்கவில்லை. மேசா என்றால் மேசை. போர்ச்சுக்கீசியர் நம்மிடம் விட்டுப்போன சொல், ஸ்பானிஷும் அதன் அக்காதானே. குழாய் ரிப்பேருக்கு வந்தவரை எல்லோரும் "மாயெஸ்த்ரோ" என்று அழைத்தார்கள், கொத்தனாரையும் அப்படியே அழைப்பார்கள். மேஸ்திரி! மாங்கோ நம் மாங்காயிலிருந்து கடல் வழியாகப் போன சொல். அந்தப் பழம் இங்கே வந்த வழியும் பெரிய கதை. 1565 முதல் 1815 வரை, இருநூற்றைம்பது வருடம், மணிலாவிலிருந்து அகபுல்கோ துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்தன. மாம்பழமும் புளியும் அந்த வழியில் வந்ததாகச் சொல்கிறார்கள். மஞ்சளாக ஒடுங்கி நீண்டிருக்கும் ஒரு மாம்பழத்துக்கு இன்றும் மாங்கோ மணிலா என்றே பெயர். புளிக்குத் தமரிந்தோ, அரபியில் இந்தியப் பேரீச்சை என்று பொருள். ஃபோந்தாவில் அன்றைய தண்ணீர் தமரிந்தோ என்றால் அந்தச் சாப்பாடு எனக்கு விருந்து. பதிலுக்கு இங்கிருந்து நமக்கு வந்ததையும் சொல்ல வேண்டும். சீக்கோசப்போத்தே என்று ஒரு பழம் வாங்கிக் கத்தியால் பிளந்தேன். சப்போட்டா. வழவழவென்ற அந்தக் கருப்பு விதை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் நின்ற மரத்தின் பெயரே இந்த ஊர்ச் சொல் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

காரம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். "பீக்கா?" என்றால் காரமா, குத்துமா என்று பொருள். ஆங்கிலத்தில் சூட்டுக்கும் காரத்துக்கும் ஒரே சொல் வைத்துக்கொண்டு அவதிப்படுகிறார்கள், இங்கே அந்தக் குழப்பம் இல்லை. காரத்தில் மாட்டிக்கொண்டால் "மே என்ச்சிலே", அதாவது "எனக்கு உறைச்சிருச்சு". மிளகாய்க்குப் பச்சையில் ஒரு பெயர், வற்றலில் வேறு பெயர். பொப்லானோ காய்ந்தால் ஆன்ச்சோ. ஹலபேஞோவைப் பழுக்கவைத்துப் புகையில் உலர்த்தினால் சிப்போத்லே. ஒரு வற்றல் கடை முன் நின்றால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

எங்கள் கட்டடத்துக் காவல்காரர் மதியம் இரண்டரைக்கு வாசல் மேசையில் சாப்பிடுவார். நான் கடந்து போகும்போதெல்லாம் தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, "குஸ்தா?" என்பார். ஒரு நாள் பதில் தெரியாமல் நின்றேன். இன்னொரு நாள் உண்மையாகவே கொஞ்சம் எடுத்துக்கொள்ள வேண்டுமோ என்று தயங்கினேன். கடைசியில் என் தளத்தில் இருக்கும் பெண் சொல்லித் தந்தாள்: "கிராசியாஸ், ப்ரொவெச்சோ." நன்றி, நன்றாகச் சாப்பிடுங்கள். சாப்பிடும்போது யாராவது வந்தால் "வாங்க, சாப்பிடலாம்" என்கிறோம். "ஆகட்டும், நீங்க சாப்பிடுங்க" என்கிறார்கள். யாரும் உட்கார்வதில்லை, ஆனால் கேட்காமல் இருப்பதுமில்லை. ப்ரொவெச்சோவை முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்வார்கள். ஃபோந்தாவிலிருந்து எழுந்து போகிறவர் ஒவ்வொரு மேசையையும் கடக்கும்போது சொல்லிக்கொண்டே போவார். இந்த ஊரில் என்னை யாரும் வெளியாளாக நினைக்காத இடம் அந்த வாசலுக்கும் என் மேசைக்கும் நடுவில் உள்ள பத்தடி.

வந்த புதிதில் ஒரு உணவகத்தில் நாற்பது நிமிடம் பில்லுக்காகக் காத்திருந்து, நம்மை அலட்சியப்படுத்துகிறார்கள் என்று கண் கலங்கி எழுந்ததும் உண்டு. கேட்காமல் பில்லைக் கொண்டுவந்தால் எழுந்து போ என்று விரட்டுவது போல ஆகிவிடும், அதனால்தான் கொண்டுவரவில்லை. "லா குவெந்தா, போர் ஃபவோர்" என்ற ஒரு வரி போதுமாயிருந்தது. சின்னக் கடையில் "மே கோப்ரா?" போதும்.

தமாலைப் பற்றிக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். மக்காச்சோள மாவைப் பிசைந்து, உள்ளே ஏதாவது வைத்து, சோளத்தோகையில் சுற்றி ஆவியில் வேகவைப்பது. நம் இலைக் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. எங்கள் தெருமுனையில் காலை ஏழு மணிக்கு ஒரு பெரிய அலுமினியப் பாத்திரத்தோடு ஓர் அம்மா உட்கார்வார். எல்லோரும் "சேஞோ" என்றுதான் அழைப்போம். எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். இந்து மொழி பேசுவீர்களா என்றார். இல்லை, நான் பேசுவது தமில் என்றேன், ஸ்பானிஷில் நம் மொழிக்குப் பெயர் அதுதான். "தமால்?" என்றார். "தமில்." அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வரிசையில் நின்ற எல்லோரிடமும் இந்தப் பெண் தமால் பேசுகிறாள் என்று சொன்னார். அன்றிலிருந்து எனக்கு உஸ்தேத் போய் "மீஹா" வந்துவிட்டது. மி ஈஹா, என் மகளே. எங்கள் ஊரில் வயதானவர்கள் யாரைப் பார்த்தாலும் "மக்களே" என்பார்கள். அந்தக் குரல்தான்.

2023 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். அலுவலகத்தில் ரோஸ்கா வெட்டினார்கள். வளையமாகச் செய்த பெரிய இனிப்பு ரொட்டி, உள்ளே குழந்தை இயேசுவின் சின்னப் பொம்மைகளை மறைத்து வைத்திருப்பார்கள். யார் துண்டில் பொம்மை வருகிறதோ அவர் பிப்ரவரி 2, காந்தெலாரியா நாளில் எல்லோருக்கும் தமால் வாங்கித் தர வேண்டும். எனக்கு வந்தது. "மே சாலியோ எல் நீஞோ" என்று கத்தினேன். குழந்தை எனக்கு வந்துவிட்டது. மீண்டும் அந்த "எனக்கு".

சேஞோவிடம் முப்பது தமால் சொல்லப் போனேன். பத்து பச்சைக் குழம்பு, பத்து மோலே என்னும் மிளகாய்க் குழம்பு, பத்து ராஹாஸ், அது மிளகாய்க் கீற்றும் பாலாடைக்கட்டியும் வைத்தது. அந்தப் பத்தை மட்டும் மந்தேக்கா இல்லாமல் எண்ணெயில் பிசைந்து தர முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். என்னிடம் இருந்த எல்லா ஸ்பானிஷையும் திரட்டிச் சொன்னேன். தினமும் காலையில் உங்கள் பாத்திரத்தின் ஆவியை முகர்ந்துகொண்டு போகிறேன், ஒன்றரை வருடமாக அந்த மணம் எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரு நாளும் சாப்பிட முடிந்ததில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏன் மீஹா முன்னாலேயே சொல்லவில்லை?" என்றார். முன்னால் எனக்கு அதற்கான சொற்கள் இருக்கவில்லை.

இப்போது வியாழக்கிழமைகளில் பாத்திரத்தின் ஓரத்தில், நூல் கட்டிய தோகையாக நாலு தமால் தனியாக இருக்கும். போன மாதம் பதிலுக்கு நானும் ஒன்று கொண்டுபோனேன். இந்த ஊர்க் குட்டி எலுமிச்சை மெல்லிய தோல், நம் நாட்டு எலுமிச்சை போலவே ஊறும். ஒரு சின்னக் குப்பி போட்டுக் கொடுத்தேன். விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "கோமோ சே யாமா?" என்று கேட்டார், இதற்கு என்ன பெயர். ஊறுகாய் என்றேன். "ஊ-று-காய்" என்று அவர் திருப்பிச் சொன்னார். நடுவில் வந்த றகரம் நாக்கு நுனியில் நன்றாக உருண்டது, எங்கள் பாட்டி சொல்வது போலவே. நேற்று போனபோது குப்பி பாத்திரத்துக்குப் பக்கத்தில் பாதி காலியாக இருந்தது. முன்னால் நின்ற ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "கோன் ஊறுகாய், ஓ சின் ஊறுகாய்?"